செய்தித்தமிழில் எளிமை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எளிய தமிழில் செய்தி எழுத வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயினும் எளிமை என்பது யாது என வினவினால் விடைகள் பலவாகப் பிரிகின்றன. வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் நீக்குவதே எளிமை என்பர் ஒரு சாரார். பேசுவதுபோல் எழுதுவதே எளிமை என்பர் மற்றொரு சாரார். சிறு சொற்களையும் சிறு தொடர்களையும் ஆள்வதே எளிமை என்பாரும் உளர். இம்மூன்று கருத்துகளும் தமிழ் இதழியல் வரலாற்றின் வெவ்வேறு கட்டங்களில் வலுப்பெற்றவை. ஒவ்வொன்றும் தன் காலத்தின் ஒரு தேவையை நிறைவு செய்தது. இவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது, எளிமை என்பது சொல்லைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று என்பது புலனாகும். செய்தியை விளக்கும் சுமையை எழுதுபவர் தாமே ஏற்கிறாரா, அன்றிப் படிப்பவர்மீது ஏற்றிவிடுகிறாரா என்பதே இங்கு அடிப்படை வினாவாகும்.

இக்கட்டுரை, 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தமிழகத்திலும் மலாயா, சிங்கப்பூரிலும் செய்தி நடை எளிமை நோக்கி நகர்ந்த வழியை ஆராய முற்படுகிறது. நாளிதழைப் பாடப்பொருளாகப் பயன்படுத்தும் தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு பயன்படும் என நம்புகிறோம்.

இலக்கண மரபில் தெளிவு

செய்தித்தாள் மேலைநாட்டுத் தொடர்பால் தமிழுக்கு வந்த வடிவம் ஆகும். தெளிவு பற்றிய எண்ணம் அவ்வாறு வந்ததன்று. நன்னூல் பொதுப்பாயிரம் நூலுக்குரிய அழகுகள் பத்தினைக் கூறும்போது, சுருங்கச் சொல்லலை முதலாவதாகவும் விளங்க வைத்தலை அடுத்ததாகவும் வைக்கிறது. குற்றங்கள் பத்தினுள் மிகைபடக் கூறலும் மயங்க வைத்தலும் இடம்பெறுகின்றன. சுருக்கமும் விளக்கமும் அடுத்தடுத்து நிற்பது கருதத்தக்கது. மிகச் சுருக்கினால் விளக்கம் கெடும். மிக விளக்கினால் சுருக்கம் கெடும். இடக்குறைவும் நேரக்குறைவும் உள்ள செய்தியாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே.

ஆயினும் இவ்விலக்கணம் கற்றோர்க்குரிய நூலைக் கருத்திற்கொண்டு எழுந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர் பொருள் உணரும் வகையில் உரைநடை அமைய வேண்டும் என்ற தேவை அச்சு ஊடகத்தால் பரவலாயிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) மாணவர்க்கான பாலபாடங்களை எழுதியபோது, நிறுத்தக் குறிகளைப் பயன்படுத்தியும் கடினமான புணர்ச்சிகளைத் தவிர்த்தும் தெளிவான உரைநடைக்கு வழி வகுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைந்த அத்தெளிவு, பின்னர் நாளிதழுக்கும் வேண்டியதாயிற்று.

மொழிபெயர்ப்பாகப் பிறந்த செய்தி நடை

1878இல் சென்னையில் தொடங்கப்பெற்ற 'இந்து' ஆங்கில இதழின் நிறுவனர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1899இல் அது நாளிதழாயிற்று. அரசியல் செய்தியை ஆங்கிலம் அறியாதவர்க்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்ற நோக்கமே இம்முயற்சியின் உயிர்நாடியாகும். ஆங்கில இதழ் ஒன்றை நடத்திய ஒருவர் அதனோடு அமையாது தமிழுக்கு வந்தது, செய்தி என்பது கற்ற சிலரின் உடைமையாக இருத்தலாகாது என்ற தெளிவைக் காட்டுகிறது.

ஆனால் அந்நாளைய செய்திகளின் மூலம் பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருந்தது. வெளிநாட்டுச் செய்திகள் ஆங்கிலத் தந்திகளாக வந்தன. அரசாணைகளும் சட்டமன்ற நடவடிக்கைகளும் ஆங்கிலத்தில் அமைந்தன. துணையாசிரியர் அவற்றைக் குறுகிய நேரத்தில் தமிழாக்க வேண்டியிருந்தது. தமிழ்ச் செய்தி நடை, நிகழ்ச்சியை நேரில் கண்டு விவரிக்கும் நடையாக வளர்வதற்கு முன்பே மொழிபெயர்ப்பு நடையாக உருப்பெற்றது எனலாம். ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினையும், ஒன்றனுள் ஒன்றாய் அடுக்கிய கிளைத்தொடர்களும் இவ்வழியே தமிழில் நிலைபெற்றன. சொற்களைப் பொறுத்தவரை வடமொழிக் கலப்பு மிகுந்திருந்தது. தலைவர் 'அக்கிராசனர்' என்றும், செயலாளர் 'காரியதரிசி' என்றும், பொருளாளர் 'பொக்கிஷதார்' என்றும், வேட்பாளர் 'அபேட்சகர்' என்றும், பல்கலைக்கழகம் 'சர்வகலாசாலை' என்றும், சொற்பொழிவு 'பிரசங்கம்' என்றும் வழங்கின. அக்காலத்துப் படித்தோர்க்கு இவை பழகிய சொற்கள். நாளிதழை முதன்முதலாகக் கையில் எடுத்த உழவர்க்கோ தொழிலாளர்க்கோ அவை அவ்வாறிருக்கவில்லை.

சிங்கப்பூரிலும் இதே காலத்தில் தமிழ் இதழியல் வேரூன்றியது. சி.கு. மகுதூம் சாயபு நடத்திய 'சிங்கை நேசன்' வார இதழ் 1887 முதல் 1890 வரை வெளிவந்தது. வணிகச் செய்தியும் கப்பல் செய்தியும் உலகச் செய்தியும் படிக்க விரும்பிய ஒரு தமிழ்ச் சமூகம் அன்றே இங்கு இருந்தது என்பதற்கு அது சான்றாகும். எனினும் அது துறைமுக நகரத்து எழுத்தறிவுடையோரின் இதழேயன்றி, பின்னாளில் தோட்டப்புறங்களில் குடியேறிய பெருந்திரளான தொழிலாளர்களின் இதழன்று.

பாரதியார் எதிர்கொண்ட சொற்சிக்கல்

1904இல் 'சுதேசமித்திரனில்' துணையாசிரியராகச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதியார், ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்க்கும் பணியிலேயே இதழியற் பயிற்சி பெற்றார். 1906 முதல் 'இந்தியா' வார இதழை நடத்தினார். அவ்விதழில் கருத்துப்படங்களை வெளியிட்டமை, எழுத்தறியாதோரையும் அரசியல் செய்தி எட்ட வேண்டும் என்ற எண்ணத்தின் வெளிப்பாடாகும். 1912இல் வெளிவந்த 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகத்தின் முன்னுரையில், ஓரளவு எழுத்துப் பழக்கமுடைய பொதுமக்களுக்கும் விளங்கும் எளிய நடையைப் பாரதியார் வலியுறுத்தியமை நாம் அனைவரும் அறிந்ததே. அக்கருத்தைக் கவிதைக் கொள்கையாக மட்டும் காண்பது போதாது. நாள்தோறும் தந்திச் செய்தியைத் தமிழாக்கிய ஓர் இதழாளரின் பட்டறிவும் அதன் பின்புலத்தில் உள்ளது.

ஆங்கிலத்தில் ஓர் அவையின் உறுப்பினரைக் குறிக்கும் 'மெம்பர்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடிப் பாரதியார் இடர்ப்பட்டதை அவர்தம் கட்டுரை ஒன்றிலிருந்து அறிகிறோம். பல சொற்களை எண்ணிப் பார்த்தும் எதுவும் மனத்துக்கு இசையாமையால் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டதாக அவர் கூறுகிறார். இன்று 'உறுப்பினர்' என்பது தொடக்கப்பள்ளி மாணவரும் அறிந்த சொல். அன்றோ ஒரு பெருங்கவிஞர்க்கும் அச்சொல் வாய்க்கவில்லை. இதிலிருந்து நாம் இரண்டு உண்மைகளைப் பெறுகிறோம். எளிய சொல் என்பது பிறவியிலேயே எளியதாக இருப்பதில்லை; வழக்கில் பயின்று பயின்றே எளிமை பெறுகிறது. அடுத்து, பொருந்தாத தமிழ்ச்சொல்லைவிட மக்கள் அறிந்த அயற்சொல் படிப்பவர்க்குத் துணையாகும் இடமும் உண்டு.

மேடைத்தமிழும் தலையங்கத்தமிழும்

அடுத்த திருப்பம் திரு.வி. கலியாணசுந்தரனாரால் நேர்ந்தது. சென்னை வெசுலி கல்விநிலையத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய அவர், 1917இல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். 1920இல் 'நவசக்தி' வார இதழைத் தொடங்கினார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றார். ஆலைத் தொழிலாளரிடையே பேசுவதும், மறுநாள் அதே பொருள் குறித்துத் தலையங்கம் எழுதுவதும் அவருக்கு ஒரே பணியின் இரு கூறுகளாக அமைந்தன.

அரசியல் மேடையில் ஆங்கிலம் கோலோச்சிய காலத்தில், கலப்புக் குறைந்த தமிழில் அரசியலையும் பொருளியலையும் பேச முடியும் என அவர் மெய்ப்பித்தார். மேடைப் பேச்சு அவர் எழுத்துக்குச் சிறு சிறு தொடர்களைத் தந்தது. காதால் கேட்பவர் திரும்பிச் சென்று ஒரு தொடரை மறுபடி படிக்க இயலாது. ஆகவே ஒரு தொடரில் ஒரு கருத்து முடிய வேண்டும். இவ்வொழுங்கு மேடையிலிருந்து அச்சுக்கு இறங்கியது. திரு.வி.க.வின் நடை இன்றைய நோக்கில் ஓரளவு இலக்கியச் சாயல் உடையதே. எனினும் தொடரின் அளவைக் குறைப்பதிலும், அறிவுத்துறைக் கருத்துகளுக்குத் தமிழ்ச்சொற்களைப் பழக்குவதிலும் அது வழிகாட்டியாயிற்று. 1923இல் 'நவசக்தியில்' சேர்ந்த கல்கி, பின்னாளில் இலட்சக்கணக்கானோர் விரும்பிப் படிக்கும் நடையை உருவாக்கியது இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கது.

1934இல் தி.ச. சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு 'தினமணி' தொடங்கப்பெற்றது. அவரை அடுத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் ஆசிரியராக விளங்கிய ஏ.என். சிவராமன், பொருளாதாரம், அரசியலமைப்பு, அறிவியல் போன்ற கடினமான பொருள்களைப் பொதுமக்களுக்கு விளக்கி எழுதினார். 'கணக்கன்' என்பது அவர் கொண்ட புனைபெயர்களுள் ஒன்று. எளிய நடை எளிய பொருளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை அவருடைய கட்டுரைகள் மறுத்தன. கடினமான பொருளுக்கே எளிய நடை மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பது அவற்றால் உறுதிப்படுகிறது.

காதால் படிக்கப்பட்ட நாளிதழ்

1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி', பின்னர் 'தினத்தந்தி' ஆயிற்று. ஆதித்தனார் இலண்டனில் சட்டம் பயின்று சிங்கப்பூரில் வழக்குரைஞராகத் தொழில் புரிந்தவர் என்பது நம் வட்டாரத்தினர் நினைவில் கொள்ளத்தக்கது. அவர் இதழ் தொடங்கிய காலத்தில் எழுத்தறிந்தோர் தொகை மிகக் குறைவு. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. ஆகவே, அதுவரை நாளிதழையே தொடாதவரை நோக்கி அவர் தம் இதழை அமைத்தார். பேச்சு வழக்கிலுள்ள தமிழைக் கொச்சை நீக்கி எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. செய்தியாளர்களுக்கென 'இதழாளர் கையேடு' ஒன்றையும் அவர் உருவாக்கினார். தமிழில் செய்தி நடைக்கென விதிகளை வகுத்த தொடக்க முயற்சிகளுள் அது குறிப்பிடத்தக்கது.

இங்கு 'கொச்சை நீக்கி' என்ற வரையறை கூர்ந்து நோக்கத்தக்கது. பேச்சுத்தமிழ் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவது. நெல்லையார் பேச்சைப் பேசுவதுபோலவே எழுதினால் கோவையார்க்கு அது தடையாகும். எனவே பேச்சிலிருந்து சொல்லையும் தொடரின் ஓட்டத்தையும் பெற்று, வடிவத்தை எழுத்துத்தமிழில் நிறுத்துவதே அக்கொள்கையின் சாரம். புணர்ச்சியைப் பிரித்து எழுதுதல், பத்தியைச் சுருக்குதல், பெரிய எழுத்தில் தலைப்பிடுதல் ஆகியனவும் இத்தகைய வெகுமக்கள் இதழ்களால் பரவின. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்கும் வழக்கம் நாளிதழின் வாசகர் வட்டத்தை விரித்தது. ஓர் இதழ் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் படிக்கப்பட்டது.

இந்நடைமீது குறைகூறல்களும் எழுந்தன. குற்றச்செய்திகளுக்கு மிகுதியான இடம் தந்ததும், உணர்ச்சியைத் தூண்டும் தலைப்புகளை இட்டதும் கற்றோரால் கண்டிக்கப்பட்டன. அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது செய்தித் தேர்வைப் பற்றிய கண்டனம். நடையின் எளிமையைப் பற்றியதன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, எளிய நடை என்றாலே தரக்குறைவு எனக் கருதும் போக்கு நம் கல்விச்சூழலில் நெடுநாள் நிலவியது. 'தினமணி'யில் சிவராமன் எழுதியவற்றை நோக்கின் அக்கருத்து நிலைபெறாது என்பது தெளிவு.

மலாயாவும் சிங்கப்பூரும்

மலாயாவில் இவ்வரலாறு வேறொரு சூழலில் நிகழ்ந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டியிருந்தது. அப்பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்தனர். சில ஆண்டுக் கல்வியோடு பிள்ளைகள் பால்மரக் காட்டுக்குச் சென்றுவிட்டனர். நாளிதழின் பெருந்திரளான வாசகர்களாக வரக்கூடியவர் இவர்களே. இவர்களுக்குத் தமிழைத் தவிர அரசியல் செய்தியைப் பெறும் வேறு மொழி இல்லை.

1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்', 2019இல் நிறுத்தப்படும்வரை இந்நாட்டுத் தமிழரின் செய்தி வாயிலாக விளங்கியது. 1950இல் அவ்விதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு', வாசகரை எழுத்தாளராக்கும் முயற்சியாக அமைந்தது.

சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். ஒரு காசு விலையில் வார இதழாகப் பிறந்த அது, 1937இல் நாளிதழாயிற்று. சீர்திருத்தக் கொள்கையுடைய சாரங்கபாணிக்கு இதழ் என்பது பொதுமக்கள் கல்வியின் கருவி. 1950களில் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளையோரை எழுதப் பழக்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையும் காலத்தில் அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் எனத் தம் இதழின்வழி மக்களைத் திரட்டினார்; 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரட்டலுக்கு எளிய மக்களும் பொருள் வழங்கினர். 1956இல் அத்துறை தொடங்கப்பெற்றது. ஒரு பல்கலைக்கழகத் துறையின் பாடமொழி எது என்பது எளிதில் விளங்கும் செய்தியன்று. அதனைச் சாதாரணத் தொழிலாளரும் தம் சிக்கலாக உணரும்படி ஒரு நாளிதழ் எடுத்துரைத்தது என்பதே செய்தித் தமிழின் ஆற்றலுக்குத் தக்க சான்று. நம் துறைசார் ஆய்வுகள் எளிய நடைக்குப் பட்டுள்ள கடன் இதுவாகும்.

அதே காலத்தில் குடியுரிமைச் சிக்கல் எழுந்தது. சிங்கப்பூர்த் தமிழர் குடியுரிமை பெறவேண்டும் எனச் சாரங்கபாணி தொடர்ந்து வலியுறுத்தினார். மலாயாவிலும் 1957இல் விடுதலை பெற்றதை ஒட்டிக் குடியுரிமைப் பதிவு முதன்மைச் செய்தியாயிற்று. எத்தனை ஆண்டு வசித்திருக்க வேண்டும், எந்த ஆவணம் வேண்டும், எங்கே மனு அளிக்க வேண்டும் என்பன ஒவ்வொரு குடும்பத்தின் எதிர்காலத்தையும் முடிவு செய்யும் செய்திகளாயின. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டியவராயினர். 1969க்குப் பின் அது செயற்படுத்தப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். குடியுரிமை பெறாமைக்கு ஆவணமின்மை, தயக்கம், அறியாமை, நிருவாகத் தடை எனக் காரணங்கள் பல. அவற்றை ஒரு நாளிதழின் நடைமீது சுமத்துதல் பொருந்தாது. ஆயினும், தெளிவான செய்தி ஒரு தொழிலாளர் வாழ்வில் எத்துணைப் பெருமதி உடையது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அத்தகையோர்க்குச் செய்தி நடை என்பது சுவையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது.

தூய்மையும் எளிமையும்

'அக்கிராசனர்' மறைந்து 'தலைவர்' வந்தபோது தூய்மையும் எளிமையும் ஒருங்கே கைகூடின. இதனால் தூய சொல்லெல்லாம் எளிய சொல் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் இரண்டும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை. 'உறுப்பினர்' வழக்கில் நிலைபெறக் காலம் தேவைப்பட்டது. அவ்விடைக்காலத்தில் படிப்பவரைக் கைவிடாதிருக்கும் பொறுப்பு இதழுக்கு உண்டு. புதிய சொல்லை முதன்முறை ஆளும்போது அதன் பொருளை ஒரு தொடரில் விளக்குவது அதற்குரிய வழி.

இந்நாட்டு வழக்கிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். 'நிரந்தர வசிப்பிடத் தகுதியுடையோர்' என்பது சட்ட நோக்கில் சரியான தொடர். தோட்டத்திலும் கம்பத்திலும் வாழும் மக்களிடையே வழங்குவது 'சிவப்பு அடையாள அட்டை'. செய்தியின் முதல் தொடரில் 'சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர்' என எழுதி, அடுத்த தொடரில் சட்டப்பெயரைத் தந்தால், படிப்பவர் அச்செய்தி தமக்குரியது என்பதை உடனே அறிவார். சட்டப்பெயரையும் கற்றுக்கொள்வார். 'சிவப்பு', 'அடையாளம்' ஆகிய தமிழ்ச் சொற்களோடு 'அட்டை' சேர்ந்த இவ்வழக்கு, எளிய மக்களே தமக்கெனச் சமைத்துக்கொண்ட கலைச்சொல் எனலாம். மக்கள் வழக்கைப் புறக்கணித்துச் சட்டச்சொல்லை மட்டும் தருவதும், சட்டச்சொல்லை அறவே விடுத்து வழக்கோடு நின்றுவிடுவதும் குறையுடையனவே.

தொடரமைப்பே உயிர்நிலை

சொல்லைவிடத் தொடரமைப்பே செய்தியின் தெளிவை முடிவு செய்கிறது என்பது எம் கருத்து. இதனை விளக்க நாமே அமைத்த ஒரு தொடரைக் காண்போம்: 'தோட்டங்களில் பணிபுரியும் குடியுரிமை பெறாத தொழிலாளர்களுக்கு வழங்கப்பட்டுவரும் தற்காலிக அனுமதிகளைப் புதுப்பிப்பதற்கான கால அவகாசம் நீட்டிக்கப்படக்கூடும் என எதிர்பார்க்கப்படுவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது.'

இத்தொடரில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. இலக்கண வழுவும் இல்லை. ஆயினும் இதனைப் படித்து முடித்த தொழிலாளர், தாம் என்ன செய்ய வேண்டும் என அறியமாட்டார். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதால், முன் வரும் அனைத்தையும் நினைவில் தாங்கியே அவர் பயனிலையை எட்ட வேண்டும். எட்டியபின்னும் இரு வினாக்கள் எஞ்சுகின்றன: எதிர்பார்ப்பவர் யார்? தெரிவித்தவர் யார்?

இதனை மாற்றி எழுத முயல்வோம்: 'குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் தற்காலிக அனுமதியைப் புதுப்பிக்கக் கூடுதல் காலம் கிடைக்கலாம். அமைச்சர் நேற்று இவ்வாறு கூறினார். அரசாங்கம் இன்னும் முடிவு எடுக்கவில்லை. அதுவரை இப்போதைய இறுதிநாளே நடப்பில் இருக்கும்.'

இம்மாற்றத்தில் தொடர்கள் குறுகின என்பது வெளிப்படை. அதனினும் முதன்மையானது வேறொன்று. முதல் தொடரிலிருந்து இரண்டாவதை மேசையில் அமர்ந்தபடியே ஆக்க முடியாது. கூறியவர் அமைச்சரா, அதிகாரியா, சங்கத் தலைவரா என்பதைச் செய்தியாளர் கேட்டறிய வேண்டும். முடிவு எடுக்கப்பட்டதா என வினவ வேண்டும். இறுதிநாள் மாறாதிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். 'எதிர்பார்க்கப்படுகிறது', 'கூறப்படுகிறது', 'தெரியவருகிறது' ஆகிய முடிபுகள் பல இடங்களில் செய்தியாளர் கேளாமல் விட்ட வினாவை மறைக்கும் திரைகளாக அமைந்துவிடுகின்றன. தெளிவாக எழுத முயல்பவர் அவ்வினாவைக் கேட்டே ஆக வேண்டும். எனவே எளிய நடை செய்தியின் உண்மைக்கும் காவலாகிறது.

செயப்பாட்டு வினையே வேண்டா என்பது இதன் பொருளன்று. செயப்படுபொருளை வினைமுதல்போல் வைத்துக் கூறும் வழக்கைத் தொல்காப்பியமும் ஏற்கிறது. செய்தவர் இன்னார் என அறிய இயலாதபோதும், செய்தவரைவிடச் செயலே முதன்மையாகும்போதும் செயப்பாட்டு வினை பொருந்தும். 'முதியவர் கொலை செய்யப்பட்டார்' என்பதில் குறை இல்லை. கொலையாளி யாரெனத் தெரியாத நிலையில் அதுவே நேர்மையான தொடர். ஆனால் 'கட்டணம் உயர்த்தப்பட்டது' என்பதில் உயர்த்தியவர் யாரென அறிந்திருந்தும் கூறாது விட்டால், அங்குத் தொடரமைப்பு ஒரு பொறுப்பை மறைத்துவிடுகிறது.

வகுப்பறைக்குரிய பயன்

2005இல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் அளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ்ப் புழக்கம் குறைந்துவரும் சூழலில் எழுந்த பரிந்துரை அது. பேச்சுக்கும் இலக்கிய நடைக்கும் இடையே மாணவர் கடக்க வேண்டிய தொலைவு பெரிது. அத்தொலைவின் இடையில் நிற்பது நல்ல செய்தித் தமிழ். வடிவத்தில் அது எழுத்துத்தமிழ். ஓட்டத்தில் பேச்சுக்கு அணுக்கமானது. பொருளில் இன்றைய வாழ்வைப் பற்றியது.

எனவே நாளிதழ்ச் செய்தியை வகுப்பில் பயன்படுத்தும்போது, கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதுவதோடு நின்றுவிடுதல் போதாது. செய்தவர் யார் எனத் தொடரிலிருந்து கண்டறியச் செய்யலாம். நீண்ட தொடர் ஒன்றைப் பிரித்து எழுதச் செய்து, பிரிக்கும்போது எஞ்சும் வினாக்களைப் பட்டியலிடச் செய்யலாம். எழுதியதை உரக்கப் படித்து, கேட்ட மாணவர் ஒருவர் அதனைத் தம் சொற்களில் திரும்பக் கூற முடிகிறதா எனச் சோதிக்கலாம். தேநீர்க் கடையில் இயல்பாக நடந்த தேர்வு இதுவே. அதில் தேறாத செய்தி அன்று மக்களைச் சென்றடையவில்லை.

முடிவுரை

சுப்பிரமணிய ஐயர் செய்தியைத் தமிழுக்குக் கொணர்ந்தார். பாரதியார் சொல்லின் தட்டுப்பாட்டை உணர்ந்து அதனை வெளிப்படையாகப் பேசினார். திரு.வி.க. மேடையின் குறுந்தொடரைத் தலையங்கத்துக்குத் தந்தார். ஆதித்தனார் எழுத்துக்கூட்டிப் படிப்பவரை முதல் வாசகராகக் கருதினார். சிவராமன் கடினமான பொருளையும் எளிமையாகக் கூற முடியும் எனக் காட்டினார். சாரங்கபாணி எளிய செய்தியைக் கொண்டு ஒரு சமூகத்தைத் தன் உரிமை குறித்துச் சிந்திக்கச் செய்தார். கொள்கையில் இவர்கள் வேறுபட்டவர்கள். சிலர் ஒருவருக்கொருவர் மாறுபட்டும் நின்றவர்கள். எனினும் விளக்கும் சுமை எழுதுபவருக்கே உரியது என்பதில் இவர்கள் பணி ஒன்றுபடுகிறது.

இன்று மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருள் பெரும்பாலோர் மலாயிலோ ஆங்கிலத்திலோ செய்தி படிக்க வல்லவர். தோட்டத் தொழிலாளர்க்குத் தமிழ்ச் செய்தியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்றைய இளைஞர்க்கு வழிகள் பல உண்டு. வரி, வீடமைப்பு, நலவாழ்வு, குடியுரிமை ஆகியன பற்றித் தமிழில் படித்து விளங்காவிடில் அவர் வேறு மொழிக்குச் செல்வார். திரும்பி வருவார் என்பதற்கு உறுதி இல்லை. அந்நிலையில் தமிழ் விழா மேடைக்குரிய மொழியாகச் சுருங்கிவிடும். வாழ்க்கைக்குத் தேவையானவற்றை அறிந்துகொள்ளும் மொழியாகத் தமிழ் நிலைபெற வேண்டுமாயின், முந்தைய தலைமுறையினர் ஒரு காசு இதழுக்குக் காட்டிய உழைப்பை இன்றைய செய்தித்தமிழுக்கும் நாம் காட்ட வேண்டும். அவ்வுழைப்பு செய்தி அறையில் தொடங்குகிறது. அதற்கு ஆளாக்கும் பணி தமிழ் வகுப்பறையைச் சார்ந்தது.